நாற்பத்து மூன்று

பணகுடிக்கு மேற்கே, நாற்கரச் சாலை தாண்டி
கொட்டகை என்றும் சொல்லலாம், ஆபீஸ் என்றும் சொல்லலாம்.
ஏசி எனக்கில்லை, சர்வருக்கு.
மாதத்தில் ஒரு ராத்திரி
நான்கு டிஸ்க்கிலும் உள்ள ஒவ்வொரு கட்டத்தையும்
அது தானே வாசித்து, தானே கூட்டி,
எழுதிய அன்று குறித்துவைத்த தொகையோடு
ஒத்துப்பார்க்கும்.
அது ஒத்துப்பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க
எனக்குச் சம்பளம்.

யாரும் கேட்காத கட்டங்கள்தான் கெடும்.
டிஸ்க் பொய் சொல்லும்போது குரல் மாறாது.
கேட்டதை எடுத்து நீட்டும்: இந்தா.
முனகலோ தயக்கமோ கிடையாது.

ஒன்றே முக்காலுக்கு ஒரு சிவப்பு வரி.
மூன்றாவது டிஸ்க், ஒரே ஒரு கட்டம், தொகை உதைக்கிறது.
மற்ற மூன்றும் கூடி
பந்தியில் எழுந்துபோனவன் யாரென்று
மிச்ச இலைகளை எண்ணிச் சொல்வதுபோல
அதைத் திரும்ப எழுதின.
நான்கு நொடி.
காவலுக்கு இருக்கும் முப்பிடாதி அண்ணனிடம் சொன்னேன்.
"சரியாயிட்டுல்லா? பொறவு என்னத்துக்கு முழிச்சிருக்க?"

சரியாயிற்று.
அந்தக் கட்டத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டாம்.
பார்த்தேன்.

காற்றாலை இருபத்தேழு. மூன்று வருஷம் முந்திய ஆனி பதினாலு.
வினாடிக்குப் பத்து மீட்டர், பதினொன்று, பத்து,
நாற்பத்து மூன்று,
பதினொன்று.

ஆரல்வாய்மொழிக் கணவாய் என்னதான் கத்தினாலும்
நாற்பத்து மூன்று வராது.
வந்திருந்தால் காவல்கிணறு வரை ஓடு மிஞ்சியிருக்காது.
இருபத்தைந்திலேயே ஆலை
இறக்கையைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடும்.
நிற்கவில்லை.
அந்தப் பத்து நிமிஷமும் மீட்டரில்
எப்போதும் போல யூனிட் ஏறியிருக்கிறது.

ஆனால் தொகை ஒத்துப்போகிறது. அதுதான் வயிற்றைக் கலக்கியது.
பழைய சர்வரிலிருந்து குடிமாறி வரும்போதே
பொய்யாகத்தான் வந்திருக்கிறது.
வந்த முகத்துக்கே கணக்குப் போட்டு முத்திரை குத்தி
அன்றிலிருந்து அந்தப் பொய்யை
ஒரு புள்ளி பிசகாமல் காத்துவருகிறோம்.
பேக்கப்பிலும் அதே.
பேக்கப்பின் பேக்கப்பிலும் அதே.
விசுவாசத்தில் குறையே இல்லை.

டீ பில்லின் முதுகில் எழுதிப் பார்த்தேன்,
ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று வீடு பிரித்து.
முப்பத்திரண்டாம் வீட்டில்
அணைந்திருக்க வேண்டிய விளக்கு ஒன்று
எரிந்துகொண்டிருந்தது.
அணைத்தேன். பதினொன்று.
வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன்: பதினொன்று.

அதோடு தூங்கப் போயிருக்கலாம்.
கீழே இன்னும் ஆறு வரி.
காற்று சைபர், யூனிட் சைபர், வெப்பமும் சைபர்.
பணகுடியில் சைபர் டிகிரி!
சிரிப்பு வந்து பாதியில் நின்றது.
பழைய டிஸ்க்கில் செத்துப்போன இடம் அது.
யாரோ வெள்ளையடித்துக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.
இங்கே கழிக்க ஒன்றுமில்லை,
கூட்ட ஒன்றுமில்லை,
சாட்சிக்குக்கூட ஒரு எண் இல்லை.

விடிந்ததும் எபனேசர் சாருக்கு போன் போட்டேன்.
பழைய டிஸ்க் எங்கே?
பாளையங்கோட்டையில் எடைக்குப் போட்டு
எத்தனையோ மாசம் ஆச்சாம்.
"மேலயும் கீழயும் உள்ளதக் கூட்டி
ரெண்டால வகுத்துப் போட்டுரும்மா.
ஆறு வரிதான. யாரு பாக்கப் போறா?"

நேற்று ராத்திரி பார்த்தது யாராம்?

நாற்பத்து மூன்றை அடித்துப் பதினொன்று ஆக்கினேன்.
பக்கத்திலேயே, முன்பு என்ன இருந்தது,
ஏன் மாற்றினேன், என் பெயர்: எஸ்கலின்.
ஆறு வரியிலும் சைபரை எடுத்துவிட்டு
தெரியாது என்று போட்டேன்.
தெரியாது, தெரியாது,
ஆறு தடவை, கையாலேயே தட்டி.

பிறகு புதுத் தொகை போட்டு மூடினேன்.
இனி நான்கு டிஸ்க்கும் சேர்ந்து
இந்தத் தெரியாததைக் காக்கட்டும்.
யார் கேட்டாலும் அதே குரலில் நீட்டட்டும்.

வெளியே இருபத்தேழு சுற்றிக்கொண்டிருந்தது.
என்ன வேகம் என்று பார்க்கவில்லை.
வள்ளியூர் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது,
செருப்பைத் தேடினேன்.